திருநர் உரிமைக்காகச் சமூக ஊடகத்தில் எழுதும்போது

திருநங்கையர், திருநம்பியர் (திருநர் ஆண்கள்) ஆகியோரின் உரிமைக்காக எழுதத் தொடங்கும் முன், யாரிடம் என்ன கேட்கிறோம் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். ‘திருநரை மதிப்போம்’ என்று பதிவிட்டால் விருப்பக்குறிகள் குவியும். ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் எந்த அலுவலகத்துக்கும் ஏற்படாது.

கிடைமட்ட இடஒதுக்கீட்டை, அதாவது ஒவ்வொரு சாதிப் பிரிவின் ஒதுக்கீட்டுக்குள்ளும் திருநருக்கு ஒரு பங்கு ஒதுக்குவதை, எடுத்துக்கொள்வோம். உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) வழக்கில் அளித்த தீர்ப்பில், திருநருக்குக் கல்வியிலும் அரசுப் பணியிலும் இடஒதுக்கீடு வழங்குமாறு மத்திய, மாநில அரசுகளுக்கு உத்தரவிட்டது. தமிழ்நாடு அரசு 2015இல் அவர்களை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. பாலின அடையாளத்தைச் சாதியைப் போல நடத்துவது சரியன்று, ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் திருநருக்குத் தனி இடம் வேண்டும் என்று திருநர் உரிமைச் செயற்பாட்டாளர் கிரேஸ் பானு உள்ளிட்டோர் பல ஆண்டுகளாகக் கோரி வருகின்றனர். கர்நாடக அரசு 2021இல் அரசுப் பணிகளில் அவ்வாறே 1 விழுக்காடு ஒதுக்கியது. இத்தனையையும் ஒரே பதிவில் திணித்தால் படிப்பவர் பாதியிலேயே நகர்ந்துவிடுவார். ஆகவே முதல் பதிவில் சிக்கலையும், அடுத்ததில் கர்நாடக முன்மாதிரியையும், மூன்றாவதில் எந்தத் துறை என்ன ஆணை பிறப்பிக்க வேண்டும் என்பதையும் எழுதி, மூன்றையும் ஒரே ஹேஷ்டேக்கில் கோப்பது நல்லது.

சொற்களைப் பொறுத்தவரை, சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்ட சொற்களஞ்சியம் கைகொடுக்கும். ‘திருநர்’ பொதுச்சொல், திருநங்கையரும் திருநம்பியரும் அதில் அடங்குவர். திருநங்கையரை மட்டும் எழுதிவிட்டுத் திருநம்பியரை மறந்துவிடுவது நம்மிடையே பரவலாக உள்ள பிழை.

படங்களில்தான் மிகுந்த கவனம் தேவை. சித்திரையில் திருநங்கையர் பெருமளவில் கூடும் கூவாகம் திருவிழா வந்தால், அங்கு வந்தவர்களின் முகங்கள் அனுமதியின்றி ஆயிரக்கணக்கில் பகிரப்படுகின்றன. அவர்களில் சிலர் ஊரிலோ வேலையிடத்திலோ தம்மைத் திருநராக வெளிப்படுத்தாதவர்களாக இருக்கலாம் என்று பகிர்பவர் நினைத்துப் பார்ப்பதில்லை. ஒருவரின் படத்தையோ அனுபவத்தையோ வெளியிடுமுன், எந்தத் தளத்தில், எந்த வாசகத்துடன் என்று காட்டி ஒப்புதல் பெறுங்கள். அவர் பின்னர் மனம் மாறினால் காரணம் கேட்காமல் நீக்குங்கள். பழைய பெயரும் அறுவை சிகிச்சை விவரங்களும் உரிமைக் கோரிக்கைக்குத் தேவையற்றவை.

வெறுப்புப் பதிவு கண்ணில் பட்டால், அதை மேற்கோள் காட்டித் திட்டுவது அதற்கு இலவச விளம்பரமாகிவிடும். இணைப்பு, நாள், நேரம் ஆகியவற்றுடன் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொண்டு, தாக்கப்பட்டவரிடம் கேட்டபின், தளத்தின் குறைதீர் அலுவலரிடமும் தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் புகார் அளியுங்கள்.

கோரிக்கையை மனுவாகவும் அனுப்பி, அதன் பதிவு எண்ணைப் பொதுவில் வெளியிடுங்கள். பதில் வராவிட்டால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுவின் நிலையைக் கேட்கலாம். கிடைக்கும் பதிலை முதற்பதிவின் கீழேயே இணைத்துவிடுங்கள்.