ஊழியத்துக்கு வெளிநாடு போனவர்கள் வெற்றியை எப்படி அளப்பது

முதலில், ஊரில் இருந்தபோது வைத்திருந்த அளவுகோலை எழுதிப் பாருங்கள். சம்பளம், பதவி, வீடு, அப்புறம் ஆதரவாளர்களுக்கு அனுப்பும் ஜெபக் கடிதத்தில் போடுகிற, இத்தனை பேர் விசுவாசத்துக்கு வந்தார்கள் என்ற எண்ணிக்கை. இந்தக் கடைசி ஒன்றுதான் ஆபத்தானது, ஏனென்றால் அது ஆவிக்குரிய விஷயம் மாதிரியே தெரியும்.

அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் 1813-ல் பர்மாவின் ரங்கூனில் வந்து இறங்கினார். முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற்றது 1819-ல். நடுவில் ஆறு வருஷம், ஆதரவாளர்களுக்கு எழுத ஒரு எண்ணிக்கைகூட இல்லை, ஆனால் அந்த வருஷங்களில் உட்கார்ந்து கற்ற மொழியில்தான் 1834-ல் முழு வேதாகமத்தையும் மொழிபெயர்த்து முடித்தார். இயேசு சொன்ன தாலந்து உவமையிலும், எஜமான் கொடுத்த பணத்தை வைத்து இன்னும் ஐந்து தாலந்து சம்பாதித்தவனுக்கும் இரண்டு சம்பாதித்தவனுக்கும் எஜமான் சொன்ன பாராட்டு ஒன்றேதான், கவனித்தீர்களா?

சரி, என்ன செய்வது? ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். ராத்திரி படுக்கும் முன் மூன்றே வரி: இன்று யார் பெயரைப் புதிதாகத் தெரிந்துகொண்டேன், யார் சொன்னதை முழுசாகக் கேட்டேன், யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். மூன்றாவது வரிதான் கை எழுத மறுக்கும், அதைத் தவறவிடாதீர்கள். முதல் வருஷம் மொழிக்கே பெரும்பங்கு நேரம் கொடுங்கள், சந்தையில் காய்கறிக்காரம்மா உங்கள் உச்சரிப்பைத் திருத்தினால் அதையும் நோட்டில் எழுதுங்கள்.

ஊரில் கூடப் படித்தவன் வீடு கட்டிய படம் போனில் வரும், மனசு கலங்கும். அதையும் மறைக்காமல் ஜெபத்தில் அப்படியே சொல்லுங்கள். அடுத்த ஜெபக் கடிதத்தில் எண்ணிக்கைக்குப் பதில் அந்த நோட்டிலிருந்து இரண்டு வரி போடுங்கள்.