மோஹிட்டோ கசக்குதா? புதினாவை நசுக்காதீங்க!

வீட்டுல போட்ட மோஹிட்டோ (ரம், எலுமிச்சை, புதினா கலந்த பானம்) கசந்தா, புதினாவைச் சட்னிக்கு இடிக்கிற மாதிரி இடிச்சிருக்கீங்கன்னு அர்த்தம். முதல்ல எலுமிச்சைத் துண்டையும் சர்க்கரையையும் சேர்த்து நல்லா அழுத்துங்க. சர்க்கரையோட சொரசொரப்பு தோல்ல இருக்கிற எண்ணெயை இழுத்துடும். ஆனா விதையை எடுத்துடுங்க, அதுவும் கசப்புதான். புதினா அப்புறம்தான்: 4, 5 தடவை லேசா அழுத்தி, மணம் வந்ததும் கையை எடுத்துடணும். இலை கிழியக் கூடாது.

இதை அழுத்துற கட்டையை மட்லர்னு தனியா வாங்கணுமா என்ன? சவுக்கார்பேட்டையில வாங்குன பூரிக்கட்டையோட முனைதான் எனக்கு. வார்னிஷ் அடிச்சதா இருந்தா வேணாம், உரிஞ்சு டம்ளர்ல விழும். டம்ளர் அடி கனமா இருக்கணும். ராயபுரம் வீட்டுல மெல்லிசு கண்ணாடியில இடிச்சு ஒண்ணை உடைச்சேன். ஐஸ் கடைசியில. ரம் வேணாம்னா கோலி சோடா.