மீட்டிங்கில் பேசியது நடக்க வேண்டுமென்றால்

"பார்த்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்: யார் பார்ப்பது, எந்தத் தேதிக்குள்? 'டீம் பார்த்துக்கொள்ளும்' என்பதெல்லாம் பதில் இல்லை. ஒரே ஒரு ஆள் வேண்டும், அவரும் அந்த அறையில் இருந்து தன் வாயால் சரி சொல்லியிருக்க வேண்டும். கடைசி ஐந்து நிமிடத்தை இதற்கென்றே ஒதுக்கி, "வெண்டர் கொட்டேஷன், பர்ச்சேஸ் மேனேஜர், வியாழன் மாலை 4 மணி" என்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டி, எல்லாரும் எழுந்து போவதற்குள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள்.

அமேசான் 2004இல் மேல்மட்டக் கூட்டங்களில் பவர்பாயின்ட்டை விட்டுவிட்டு, எழுதிய குறிப்பைப் படித்துவிட்டுப் பேசும் முறைக்கு மாறியது. நமக்கு அப்படி ஒரு பக்கக் குறிப்பு போதும்.

அப்புறம், அடுத்த மீட்டிங்கில் முதலில் பழைய பட்டியலை எடுங்கள். எது நிற்கிறது, யாருடைய கையெழுத்துக்காக நிற்கிறது என்று கேளுங்கள், திட்டாமல்.