வெனிஸ் நகரில் சாப்பிடச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெனிஸின் பழைய நகரப் பகுதியில் 1951-இல் ஏறத்தாழ 1,75,000 பேர் குடியிருந்தார்கள். 2022-இல் அந்த எண்ணிக்கை 50,000-க்கும் கீழே இறங்கிவிட்டது. அந்த நகரில் நாம் சாப்பிடும் சாப்பாட்டின் தரத்தையும் விலையையும் புரிந்துகொள்ள இந்த இரண்டு எண்களே போதுமானவை. ஒரு தெருவில் குடியிருப்பவர்களை நம்பிக் கடை நடத்துகிறவர் நாளைக்கும் அதே முகத்தைப் பார்க்க வேண்டியிருப்பதால் கவனமாகச் சமைக்கிறார். ஒரே ஒரு பகலைக் கழித்துவிட்டு மாலை இரயிலில் திரும்பிவிடும் பயணிகளை மட்டும் நம்பி நடத்துகிறவருக்கோ அந்தக் கட்டாயம் எதுவும் இல்லை. வெனிஸில் நல்ல சாப்பாடு கிடைப்பதில்லை என்று சொல்லிக்கொண்டு திரும்புகிறவர்கள் பலர். அது அந்த ஊருக்குச் செய்யும் அநியாயம் என்றே நான் கருதுகிறேன். உப்பங்கழியின் மீனையும், அதன் தீவுகளில் விளையும் காய்கறிகளையும், நூற்றாண்டுகளாகக் கடல்வழி வந்த பண்டங்களையும் சேர்த்து வளர்ந்த சமையல் அங்கே இன்றும் உயிரோடு இருக்கிறது. அதைத் தவற விடுவதற்கு நாம் உட்காரும் இடமும், போகும் நேரமும், கேட்காமல் விட்ட ஒன்றிரண்டு கேள்விகளும்தான் காரணம்.

முதல் தவறு, பசி முற்றிய பிறகு கண்ணில் பட்ட கடையில் உட்கார்ந்துவிடுவது. இரயில் நிலையத்திலிருந்து லிஸ்தா தி ஸ்பான்யா, ஸ்த்ராதா நோவா வழியாக ரியால்த்தோ பாலத்துக்கும், அங்கிருந்து சான் மார்க்கோ சதுக்கத்துக்கும் செல்லும் பாதையில்தான் பயணிகளின் கூட்டம் முழுவதும் நகர்கிறது. கால் ஓய்ந்தவர்களுக்காகவே அந்தப் பாதையில் வரிசையாக மேசைகள் போடப்பட்டுள்ளன. வாசலில் நின்று கையசைத்து உள்ளே அழைக்கும் ஊழியர், ஐந்தாறு மொழிகளில் வண்ணப்படங்களுடன் அச்சிட்ட உணவுப் பட்டியல், பகல் முழுவதும் இடைவெளியின்றித் திறந்திருக்கும் சமையலறை ஆகிய மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்திருந்தால் அங்கிருந்து நகர்ந்துவிடுவது நல்லது. பட்டியலில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். இறைச்சிக் குழம்பிட்ட பாஸ்தா போலோன்யா நகரத்துடையது, கார்போனாரா என்னும் பாஸ்தா உரோமாபுரியுடையது, பீட்சா நாப்போலியுடையது. இவற்றை மட்டுமே வைத்திருக்கும் வெனிஸ் கடை, வெனிஸைத் தேடி வந்தவருக்குத் தருவதற்கு ஒன்றும் வைத்திருக்கவில்லை. உணவின் பெயருக்குப் பக்கத்தில் சிறிய நட்சத்திரக் குறி இருந்தால் அது உறைய வைத்த பொருளில் செய்தது என்று பொருள். இத்தாலியில் இதை மறைக்காமல் தெரிவித்தாக வேண்டும் என்பதால், பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் அதற்கான விளக்கம் இருக்கும். மீன் வகைகளில் பாதிக்கு மேல் நட்சத்திரம் இருந்தால், அந்தக் கடைக்காரர் சந்தைப் பக்கம் போவதில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

நகர வேண்டிய தொலைவும் அதிகம் இல்லை. ஸ்த்ராதா நோவாவிலிருந்து வடக்கே சில நிமிடம் நடந்தால், கன்னரேஜோ பகுதியில் ஓர்மெசீனி, மிசெரிகோர்தியா என்னும் கால்வாய்க் கரைகள் வரும். மாலையில் உள்ளூர் இளைஞர்கள் கூடும் இடங்கள் அவை. கிழக்கே காஸ்தெல்லோ பகுதியில், கால்வாயைத் தூர்த்து அமைத்த அகலமான கரிபால்தி தெருவிலும் குடும்பங்கள் நடமாடும் சாயல் இன்னும் இருக்கிறது.

இரண்டாவது தவறு, விலையைப் பாதி மட்டும் படிப்பது. மேசையில் உட்கார்ந்த உடனேயே தலைக்கு இவ்வளவு என்று சேரும் தொகைக்குக் கோபெர்த்தோ என்று பெயர்; வழக்கமாக 2 முதல் 4 யூரோ வரை இருக்கும். ரொட்டிக்கும் மேசை விரிப்புக்குமான அந்தத் தொகை பட்டியலில் அச்சிடப்பட்டிருந்தால் அது முறையானதே, அதைக் கண்டு கோபப்பட வேண்டியதில்லை. சில கடைகள் இதற்கு மேல் 10 அல்லது 12 விழுக்காடு சேவைக் கட்டணமும் சேர்க்கும்; அதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். உண்மையான ஆபத்து மீன் விலையில் இருக்கிறது. முழு மீனுக்கு எதிரே ‘அல்லெத்தோ’ என்று எழுதியிருந்தால், அந்த விலை 100 கிராமுக்கு உரியது. 8 யூரோ என்று படித்துவிட்டு மகிழ்ச்சியோடு சொல்லி அனுப்பும் மீன் 800 கிராம் எடை இருந்தால் 64 யூரோ ஆகும். ஆகவே சமைப்பதற்கு முன் மீனைத் தட்டில் கொண்டுவந்து காட்டச் சொல்லி, ‘குவாந்தோ பேசா’, அதாவது எடை எவ்வளவு என்று கேட்டு, மொத்த விலையையும் உறுதி செய்துகொள்வதே முறை. நல்ல கடையில் யாரும் இதைத் தவறாக நினைக்க மாட்டார்கள். 2018-இன் தொடக்கத்தில், போலோன்யாவில் படித்துக்கொண்டிருந்த நான்கு ஜப்பானிய மாணவர்களிடம் சான் மார்க்கோ அருகே ஓர் உணவகம் நான்கு இறைச்சித் துண்டுகளுக்கும் ஒரு தட்டு பொரித்த மீனுக்கும் தண்ணீருக்குமாக 1,100 யூரோவுக்கு மேல் வாங்கிய செய்தி உலகம் முழுவதும் பரவியது. அவர்கள் போலோன்யா திரும்பி முறையிட்ட பிறகே விசாரணை நடந்தது. கேட்கத் தயங்கும் இளைஞர்களுக்கு அப்படி நேர்ந்ததை நினைத்தால் இப்போதும் மனம் வருந்துகிறது.

சான் மார்க்கோ சதுக்கத்தில் காப்பி குடிப்பதே தவறு என்று பலர் எழுதுவதை நான் ஏற்கவில்லை. 1720-இல் தொடங்கி இன்றும் அதே இடத்தில் இயங்கும் ஃப்ளோரியான் காப்பிக்கடையின் மேசையில் உட்கார்ந்து இசைக்குழு வாசிப்பதைக் கேட்பதற்கு ஒரு விலை உண்டு. காப்பியின் விலையோடு தலைக்குச் சில யூரோ இசைக் கட்டணமும் சேரும், அது பட்டியலிலேயே எழுதப்பட்டிருக்கும். அந்தச் சதுக்கத்தை ஒரு மணி நேரம் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருக்க விரும்புகிறவர் அறிந்தே கொடுக்கலாம். தெரியாமல் உட்கார்ந்துவிட்டு எழும்போது மனம் கசந்து போவதைத்தான் தவிர்க்க வேண்டும். காப்பி மட்டும் போதும் என்றால், நகரின் எந்தச் சாதாரணக் கடையிலும் ‘அல் பாங்கோ’, அதாவது முகப்பு மேடையருகே நின்று குடித்தால் ஒன்றரை யூரோ அளவில் முடிந்துவிடும். அதே கோப்பை மேசைக்கு வந்தால் இரண்டு மூன்று மடங்காகும்.

நேரம் தவறிப் போவது அடுத்தது. பகல் உணவு பன்னிரண்டிலிருந்து இரண்டரை வரை, இரவு உணவு ஏழிலிருந்து பத்து வரை என்பதே பெரும்பாலான நல்ல கடைகளின் வழக்கம். பகல் நான்கு மணிக்குச் சாப்பாடு தேடுகிறவருக்கு, மேலே சொன்ன படப்பட்டியல் கடைகள்தான் மிஞ்சும். கிழமையையும் பார்க்க வேண்டும். ரியால்த்தோ மீன் சந்தை செவ்வாய் முதல் சனி வரை காலையில் மட்டுமே கூடுகிறது. ஞாயிறும் திங்களும் கிடையாது. ஆகவே திங்கட்கிழமை மீனைத் தவிர்த்து வேறு எதையாவது சாப்பிடுவது அறிவுடைமை. சாப்பிடுவதற்கு முன் ஒரு நாள் காலை எட்டு மணிக்கே அந்தச் சந்தைக்குப் போய்வருவது பெரும் உதவி, ஏனென்றால் அன்றைக்கு அங்கே எது குவிந்திருக்கிறதோ அதுவே அன்றைக்குச் சாப்பிட வேண்டியது. எந்த மீன் எத்தனை செ.மீ.-க்குக் குறைந்தால் விற்கக் கூடாது என்று பொறித்த பழைய கல்வெட்டு ஒன்று இன்றும் நகரில் இருக்கிறது. விலாங்குக்கு 25, சிப்பிக்கு 5 என்று அந்தக் கணக்கு போகும். இந்த உப்பங்கழியை அளவறிந்து உண்டு வாழ்ந்தவர்கள் அந்தக் கால வெனிஸ் மக்கள். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் புதிய ஓடு இறுகாமல் இருக்கும் சிறு நண்டுகளும், வசந்தத்தில் சாந்தெராஸ்மோ தீவில் விளையும் ஆர்ட்டிசோக் என்னும் காய்கறியின் முதல் மொட்டுகளும் சில வாரங்கள் மட்டுமே கிடைக்கும்.

எல்லாவற்றையும் விட வருத்தம் தரும் தவறு, பாக்காரோ என்னும் சிறு மதுக்கடைகளை அறியாமலே திரும்புவது, அல்லது அறிந்தும் அவற்றை முழுச் சாப்பாட்டுக் கடையாக நினைத்து இடம் தேடி நிற்பது. கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கிய சிறு தின்பண்டங்களுக்குச் சிக்கெத்தி என்று பெயர். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 யூரோ. சுட்டிக்காட்டி இரண்டு மூன்று வாங்கி, ஒரு சிறு கோப்பை மதுவோடு நின்றபடியே சாப்பிட்டுவிட்டு அடுத்த கடைக்கு நடப்பதுதான் ஊர் வழக்கம். அந்தச் சிறு கோப்பைக்கு ஓம்ப்ரா, அதாவது நிழல் என்று பெயர். சான் மார்க்கோ மணிக்கூண்டின் நிழல் நகர நகர மதுவிற்றவர்களும் தங்கள் வண்டியை நகர்த்தியதால் வந்த பெயர் என்று ஊரார் சொல்வார்கள். ரியால்த்தோ அருகே 1462-இலிருந்து நடப்பதாகச் சொல்லிக்கொள்ளும் தோ மோரியில் கூரையிலிருந்து செப்புப் பாத்திரங்கள் தொங்கும், உட்கார நாற்காலி இருக்காது. படகு கட்டும் சான் த்ரோவாசோ பட்டறைக்கு எதிரே உள்ள ஸ்கியாவி கடையில் ரொட்டித் துண்டுகளின் மேல் வகைவகையான கலவைகளைக் காணலாம். இக்கடைகள் பலவும் பகலிலும் முன்மாலையிலும் நிறைந்திருந்து, இரவு எட்டு ஒன்பது மணிக்கெல்லாம் அடங்கிவிடும் என்பதால் ஆறு மணிக்கே கிளம்ப வேண்டும்.

அங்கே தவற விடக் கூடாதவை இரண்டு. மத்தி மீனைப் பொரித்து, வெங்காயத்தை வினிகரில் வதக்கி, உலர்திராட்சையும் பைன் கொட்டையும் சேர்த்து ஓரிரு நாள் ஊற வைப்பது சார்தே இன் சாவோர். கடலில் நாள்கணக்கில் கெடாமல் இருக்க மாலுமிகள் கண்ட வழி அது. மற்றது பக்கலா மாந்தெக்காத்தோ. 1431-இல் கிளம்பிய வெனிஸ் வணிகர் பியெத்ரோ குவெரீனியின் கப்பல் புயலில் சிக்கி, உயிர் தப்பியவர்கள் நார்வேயின் இரோஸ்த் தீவில் கரையேறினார்கள். அங்கே உப்பிடாமல் குளிர்காற்றிலேயே காய வைத்த காட் மீனை அவர்கள் கண்டு வந்ததிலிருந்து இந்த உணவின் கதையை வெனிஸ் மக்கள் தொடங்குகிறார்கள். அந்தக் கருவாட்டை ஊற வைத்து வேக வைத்து, எண்ணெய் விட்டு விட்டு அடித்து வெண்ணெய் போல ஆக்குகிறார்கள்.

சைவ உணவு உண்பவர்கள் ஏமாறும் இடமும் இதுவே. ரொட்டியின் மேல் வெள்ளையாகப் பூசியிருப்பதைப் பாலாடைக்கட்டி என்று நினைத்து வாயில் வைத்தால் அது மேற்சொன்ன மீனாக இருக்கும். வெங்காயம் மட்டும் போட்டதாகத் தோன்றும் பீகொலி இன் சல்சா என்னும் பாஸ்தாவில் நெத்திலி வகை மீன் கரைந்திருக்கும். பட்டாணியும் அரிசியும் சேர்ந்த ரீசி எ பீசியில் பெரும்பாலும் பன்றி இறைச்சித் துண்டுகள் இருக்கும். பார்மிஜானோ பாலாடைக்கட்டியும் கன்றின் இரைப்பை நொதியால் உறைய வைத்தது. ‘சென்சா கார்னே’, ‘சென்சா பேஷே’ என்று இறைச்சியையும் மீனையும் தனித்தனியே சொல்லிக் கேட்பதே பாதுகாப்பு, ஏனென்றால் இறைச்சி வேண்டாம் என்றால் மீன் ஆகும் என்று அங்கே எடுத்துக்கொள்வார்கள்.

கடைசியாக, வாங்கிய உணவைப் பாலத்தின் படியிலோ சான் மார்க்கோ சதுக்கத்தின் தரையிலோ உட்கார்ந்து சாப்பிடுவது. அதற்கு 100 யூரோவுக்கும் மேலான தண்டத்தொகை உண்டு. 2019-இல் ரியால்த்தோ பாலத்தின் படியில் சிறு அடுப்பு மூட்டிக் காப்பி வைத்த இரு ஜெர்மானியப் பயணிகள் 950 யூரோ செலுத்தி நகரை விட்டும் வெளியேற நேர்ந்தது. நகராட்சி மிகையாகக் கடுமை காட்டுவதாகச் சிலர் நினைக்கலாம். ஆனால் ஒரே பாலத்தைக் கடந்துதான் முதியவர் ஒருவர் காய்கறிப் பையோடு வீடு சேர முடியும் என்பதைக் கண்டவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். நடக்கும்போது குடிக்கத் தண்ணீர் வாங்கவும் வேண்டியதில்லை. பல சிறு சதுக்கங்களில் இரும்புக் குழாயில் குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கும், கையில் ஒரு காலிப் புட்டி இருந்தால் போதும்.