வினாடி வினாவில் வரும் சண்டைகள்: கேள்வி எழுதுபவரும் எதிர்ப்பவரும் தவிர்க்க வேண்டியவை

டென்னிஸில் ஒரு செட்டை ஜெயிக்க ஒரு வீரர் குறைந்தபட்சம் எத்தனை முறை பந்தை அடிக்க வேண்டும்? பிரிட்டனின் 'ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்' நிகழ்ச்சியில் இப்படி ஒரு கேள்வி வந்தது. போட்டியாளர் 24 என்றார். ஒரு கேமுக்கு நான்கு புள்ளி, ஒரு செட்டுக்கு ஆறு கேம், பெருக்கினால் 24. விடைக்குறிப்பிலும் அதுவே இருந்ததால் சரி என்று அறிவித்துவிட்டார்கள். டென்னிஸ் தெரிந்தவர்களுக்கு இது உடனே உறுத்தும். ஆறு கேமில் மூன்றில்தான் அவர் சர்வ் (ஒவ்வொரு புள்ளியையும் தொடங்கும் அடி) போடுவார். மற்ற மூன்றிலும் எதிராளி ஒவ்வொரு புள்ளிக்கும் டபுள் ஃபால்ட் செய்தால், அதாவது இரண்டு சர்வையும் தவறவிட்டுப் புள்ளியை இழந்தால், இவர் மட்டையைத் தூக்காமலே அந்த மூன்று கேமும் கைக்கு வந்துவிடும். தன்னுடைய மூன்று கேமில் நான்கு நான்கு ஏஸ் (எதிராளி தொடவே முடியாத சர்வ்) போட்டால் போதும். சரியான விடை 12.

கேள்வி எழுதியவருக்கு டென்னிஸ் விதிகள் தெரியாமல் இல்லை. 'குறைந்தபட்சம்' என்ற சொல்லைப் போட்டுவிட்டு, அந்தச் சொல் எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்று யோசிக்காமல் விட்டதுதான் கோளாறு. பொது அறிவுக் கேள்விகளில் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். விடை எது என்று மணிக்கணக்கில் வாதாடுவார்கள். வாசிக்கப்பட்ட வாக்கியத்தை யாரும் திரும்பப் பார்க்க மாட்டார்கள். கேட்பவரும் சரி, எதிர்ப்பவரும் சரி, முதலில் போய் நிற்க வேண்டிய இடம் அந்த வாக்கியம்.

கேள்வி எழுதுபவர்கள் அதிகம் சறுக்குவது 'மிக', 'முதல்', 'ஒரே' என்ற மூன்று சொற்களில். உலகின் மிக உயரமான மலை எது என்று கேட்டால் எவரெஸ்ட் என்பார்கள். கடல் மட்டத்திலிருந்து அளந்தால் 8,848.86 மீட்டர், 2020-ல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த அளவு. ஆனால் ஹவாயின் மௌனா கேயாவைக் கடலடியில் இருக்கும் அதன் அடிவாரத்திலிருந்து அளந்தால் 10,000 மீட்டரைத் தாண்டும். ஈக்வடாரின் சிம்பொராசோ 6,263 மீட்டர்தான் என்றாலும், பூமி நிலநடுக்கோட்டுப் பகுதியில் புடைத்திருப்பதால் பூமியின் மையத்திலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் சிகரம் அதுதான். 'கடல் மட்டத்திலிருந்து' என்று சேர்த்துவிட்டால் இந்த வாதம் முழுக்க அடங்கிவிடும். பாலைவனமும் அப்படியே. மிகப் பெரிய பாலைவனம் என்று மட்டும் கேட்டுவிட்டு சஹாரா என்று விடை வைத்திருந்தால், அண்டார்டிகா என்று சொன்னவருக்கு மதிப்பெண் மறுப்பது அநியாயம். மழையும் பனியும் மிகக் குறைவாக விழும் நிலம் என்ற வரையறைப்படி அண்டார்டிகா பாலைவனம்தான், பரப்பிலும் சஹாராவைவிடப் பெரியது. 'வெப்பப் பாலைவனம்' என்று எழுதியிருக்க வேண்டும்.

சொல் சேர்த்தாலும் தேறாத கேள்விகளும் உண்டு. உலகின் நீளமான ஆறு எது என்பது அப்படி ஒன்று. நைல் சுமார் 6,650 கிலோமீட்டர், அமேசான் சுமார் 6,400 கிலோமீட்டர் என்று பல புத்தகங்களில் இருக்கும். ஆனால் ஆற்றின் தொடக்கம் எந்த ஓடை, முகத்துவாரத்தில் எந்தக் கிளைவரை அளப்பது என்பதிலேயே ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. இந்த மாதிரிக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதே நல்லது. நைல் எந்தக் கடலில் கலக்கிறது என்று கேளுங்கள், மத்தியதரைக் கடல் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

'முதல்' என்ற சொல்லுக்கு எப்போதும் ஒரு துணைச்சொல் வேண்டும். உலகின் முதல் பெண் அதிபர் யார்? அர்ஜென்டினாவின் இசபெல் பெரோன் 1974-ல் அதிபரானார். ஆனால் துணை அதிபராக இருந்தவர், கணவர் இறந்ததும் அந்தப் பதவிக்கு வந்தவர். மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்த முதல் பெண் அதிபர் ஐஸ்லாந்தின் விக்டிஸ் ஃபின்பொகடோட்டிர், ஆண்டு 1980. எந்தப் பெயர் வேண்டும் என்பதைக் கேள்வியே சொல்ல வேண்டும். இரண்டு முறை நோபல் பரிசு பெற்றவர் யார் என்பதும் இதே கதைதான். மேரி கியூரி, லைனஸ் பாலிங், ஜான் பார்டீன், ஃபிரெடெரிக் சாங்கர், பேரி ஷார்ப்லெஸ் என்று வரிசையே இருக்கிறது. 'இரு வேறு அறிவியல் துறைகளில்' என்று சேர்த்தால் மேரி கியூரி ஒருவர்தான் மிஞ்சுவார்: 1903-ல் இயற்பியல், 1911-ல் வேதியியல். பாலிங்கின் இரண்டாவது பரிசு அமைதிக்கானது. நல்ல கேள்வி என்பது இதுதான்: ஒவ்வொரு சொல்லும் ஒரு தவறான விடையை வெளியே தள்ளும்.

அடுத்தது காலம். எந்தக் கோளுக்கு அதிக நிலாக்கள் என்ற கேள்விக்கு 2023 பிப்ரவரியில் வியாழன் சரியான விடை. அதே ஆண்டு மே மாதத்தில் சனி முந்திவிட்டது. 2025 மார்ச்சில் ஒரே மூச்சில் 128 புதிய நிலாக்கள் அங்கீகரிக்கப்பட்டு சனியின் எண்ணிக்கை 274 ஆனது. கஜகஸ்தான் தலைநகரின் பெயர் 2019-ல் அஸ்தானாவிலிருந்து நூர்-சுல்தான் ஆகி, 2022-ல் மறுபடி அஸ்தானா ஆனது. பழைய கேள்விக் கட்டுகளை அப்படியே எடுத்து வாசிப்பவர்கள் இதில்தான் மாட்டுவார்கள். எண்ணிக்கையோ சாதனையோ பதவியோ கேட்கும் எந்தக் கேள்விக்கும் பக்கத்தில் தேதி எழுதிவைக்க வேண்டும்.

தேதியைக் கேட்கும் கேள்விக்கும் ஒரு கண்ணி உண்டு. நிலவில் மனிதன் கால் பதித்த நாள் ஜூலை 20-ஆ, 21-ஆ? ஆர்ம்ஸ்ட்ராங் கால் வைத்தபோது கிரீன்விச் நேரப்படி 1969 ஜூலை 21, அதிகாலை 2:56. அமெரிக்காவில் அப்போது இன்னும் ஜூலை 20 இரவு. இரண்டும் சரி. யாருடைய கடிகாரம் என்று கேள்வி சொல்லாதவரை இரண்டையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி விடையைச் சரிபார்ப்பது. பல இடங்களில் இருக்கிறதே, அப்புறம் எப்படித் தப்பாகும் என்று கேட்பார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த துப்பறிவாளர் கொலம்போவின் முதல் பெயர் ஃபிலிப் என்று ஒரு பொது அறிவுத் தொகுப்பில் இருந்தது. அதைத் தொகுத்த ஃபிரெட் வொர்த், தன் புத்தகத்திலிருந்து யாராவது திருடினால் பிடிப்பதற்காகத் தானே இட்டுக்கட்டி வைத்த பெயர் அது. பிறகு 'ட்ரிவியல் பர்சூட்' விளையாட்டின் அட்டையில் அதே பெயர் வந்தது. 1984-ல் வழக்குப் போட்டார். தகவல்களுக்குப் பதிப்புரிமை இல்லை என்ற அடிப்படையில் தோற்றார். வழக்கு போனால் போகட்டும், நமக்கு இதில் பாடம் வேறு. பத்து இடங்களில் ஒரே வாக்கியம் இருந்தால், பத்தும் ஒரே இடத்திலிருந்து வந்திருக்கலாம். விடையை அந்தத் துறையின் மூலத்தில் பாருங்கள்: பரிசு என்றால் பரிசு தருபவரின் பட்டியல், தலைநகர் என்றால் அந்த நாட்டின் அரசமைப்புச் சட்டம்.

விடைக்குறிப்பில் ஒரே ஒரு பெயரை எழுதிவிட்டு நிறுத்துவதும் பெரிய தவறு. எதை ஏற்கலாம், எதை ஏற்கக்கூடாது, எதற்கு மேல் விளக்கம் கேட்க வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். 1903 இயற்பியல் நோபலைப் பற்றிய கேள்விக்கு ஒருவர் 'கியூரி' என்றால், மேரியா பியரா என்று கேட்க வேண்டும். இருவருமே அதில் பங்கு பெற்றவர்கள். தென்னாப்பிரிக்காவின் தலைநகர் என்று பொதுவாகக் கேட்டுவிட்டு பிரிட்டோரியாவை மட்டும் வைத்திருந்தால் அது விடைக்குறிப்பின் குறை. நாடாளுமன்றம் இருக்கும் கேப் டவுனும், உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் இருக்கும் ப்ளூம்ஃபான்டைனும் தலைநகரங்கள்தான்.

சரி, எதிர்ப்பவர் பக்கம் வருவோம். தான் எதிர்பார்த்த கேள்விக்கு விடை சொல்லிவிட்டு, கேட்கப்பட்ட கேள்வியோடு சண்டை போடுவதுதான் இவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. பாதியில் பஸ்ஸரை அழுத்தியவர் மீதிக் கேள்வியின் நிபந்தனைகளுக்கும் கட்டுப்பட்டவர். 'என் விடையும் உண்மைதானே' என்பது வாதமே ஆகாது. நெதர்லாந்தின் தலைநகர் எது என்ற கேள்விக்கு ஹேக் என்று சொன்னவர், அரசாங்கம் அங்கேதான் இருக்கிறது என்று வாதாடலாம். அது உண்மை. ஆனால் அந்நாட்டு அரசமைப்புச் சட்டம் தலைநகர் என்று சொல்வது ஆம்ஸ்டர்டாமைத்தான். கேள்வியில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் தன் விடை பொருந்துகிறது என்று காட்ட முடிந்தால் மட்டுமே ஆட்சேபணை எழுப்ப வேண்டும்.

எழுப்பினால் உடனே எழுப்ப வேண்டும். ஐந்து கேள்வி தாண்டி, தோற்கப்போகிறோம் என்று தெரிந்த பிறகு எழுப்பினால் நியாயமான ஆட்சேபணைகூட அழுகுணியாகத் தெரியும். வட அமெரிக்காவில் பள்ளி, கல்லூரி அணிகள் மோதும் குவிஸ் பௌல் என்ற வினாடி வினாப் போட்டிகளில் இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறார்கள்: ஆட்சேபணையைக் குறித்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்வார்கள், முடிவை மாற்றக்கூடியதாக இருந்தால் மட்டுமே பிறகு ஆராய்வார்கள்.

குவிஸ் மாஸ்டரின் முடிவே இறுதியானது என்ற விதி தேவைதான், இல்லையென்றால் போட்டி முடியவே முடியாது. அதற்காக அதைத் தப்பான கேள்விக்குக் கேடயமாகப் பிடிக்கக்கூடாது. சரியாகச் சொன்ன ஒரு சிறுவனிடம் 'தப்பு' என்று சொல்லி உட்கார வைத்தால், அவன் அடுத்த முறை கை தூக்கத் தயங்குவான். கேள்வியில் பிழை என்று தெரிந்தால், பொருந்துகிற எல்லா விடைகளுக்கும் மதிப்பெண் கொடுங்கள், அல்லது கேள்வியை ரத்து செய்து வேறொன்று கேளுங்கள். இரண்டில் எது என்பதைப் போட்டி தொடங்கும் முன்பே அறிவித்துவிட வேண்டும். எந்த அணி பின்தங்கியிருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யக்கூடாது. இதற்கென்று சில உபரிக் கேள்விகள் கையில் இருக்கட்டும். பிழையான கேள்வியை அன்றைக்கே தாளில் திருத்திவிடுங்கள். நாளை அந்தக் கட்டை வேறொருவர் எடுத்து வாசிப்பார்.