ஸ்கூபா இன்ஸ்ட்ரக்டர் பயிற்சி: கொங்குப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொங்கு நாட்டில் கடல் இல்லை. கோவைக்காரருக்குப் பக்கத்துக் கடல் கேரளக் கரை. டைவ் அடிக்கப் புதுச்சேரி போவதென்றால் ஒரு ராத்திரி பஸ். ஆனாலும் ஒரு முறை அந்தமானுக்கோ கர்நாடகக் கரையின் முருடேஸ்வருக்கோ போய்த் தண்ணீருக்கடியில் மூச்சு விட்டுப் பார்த்தவர்களில் சிலர், இதையே தொழிலாக்கினால் என்ன என்று யோசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கடற்கரையில் பிறக்காததுதான் தங்களுக்குப் பெரிய குறை என்று இவர்களில் பலரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை அது ஒரு குறையே இல்லை. டைவ் அடிப்பது ஒரு வேலை, டைவ் சொல்லித் தருவது வேறு வேலை. இந்த வித்தியாசம் புரியாமல் பயிற்சிக்குப் போவதில்தான் முக்கால்வாசிச் சிக்கலும்.

முதலில் பாதையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்கூபா சான்றிதழ் தரும் அமைப்புகள் பல. 1966இல் தொடங்கிய பாடி (PADI), 1970இல் தொடங்கிய எஸ்.எஸ்.ஐ. (SSI) இரண்டும் நம் பக்கத்தில் அதிகம் கேள்விப்படுபவை. பாடி வழியில் ஓப்பன் வாட்டர், அட்வான்ஸ்டு, ரெஸ்க்யூ, டைவ்மாஸ்டர் என்று ஏறி, அப்புறம்தான் ஐ.டி.சி. என்னும் இன்ஸ்ட்ரக்டர் பயிற்சி. அதில் சேர 18 வயது ஆகியிருக்க வேண்டும், டைவராகி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும், அடித்த டைவ்களைக் குறித்துவைக்கும் லாக் புக்கில் 60 டைவ் இருக்க வேண்டும். தேர்வுக்கு உட்காரும்போது அது 100 ஆகியிருக்க வேண்டும். தேர்வை நடத்துவது உங்களுக்குப் பயிற்சி கொடுத்த சென்டர் அல்ல, அமைப்பு அனுப்பும் தேர்வாளர். காசு கட்டிய இடம் எப்படியும் பாஸ் போட்டுவிடும் என்ற கணக்கு இங்கே செல்லாது.

கிணற்று நீச்சல்

நம் ஊரில் நீச்சல் என்றால் கிணறு. இடுப்பில் சுரைப்புருடையைக் கட்டி மேலிருந்து தள்ளிவிட்டுக் கற்றுக்கொடுத்த தலைமுறை இன்னும் இருக்கிறது. இதனால் தண்ணீர்ப் பயம் இருக்காது. அது பெரிய சொத்து. ஆனால் கூடவே ஒரு பழக்கமும் ஒட்டிக்கொண்டு வரும், தம் கட்டுவது. அடியில் போய் மண் எடுத்து வருவதில் யார் கெட்டி என்று போட்டி போட்டு வளர்ந்தவர்களுக்கு, சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டர் வாயைவிட்டு வெளியே வந்த நொடியில் மூச்சு தானாக நின்றுவிடும்.

ஸ்கூபாவில் முதல் விதியே மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது என்பதுதான். காரணம் எளிது. கிணற்றுக்குள் முங்கும்போது நெஞ்சில் இருப்பது மேலே இழுத்த காற்று. கீழே போகப் போக அது சுருங்கும், மேலே வந்ததும் பழைய அளவுக்குத் திரும்பும். அதற்குமேல் விரியாது. சிலிண்டர் கதை வேறு. கடலில் 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் அதைத் தாங்காது. சில மீட்டர் ஆழத்திலேயே இந்தக் காயம் நேரலாம்.

மாணவராக இருக்கும்போது இந்தப் பழக்கம் உங்களை மட்டும்தான் பாதிக்கும். இன்ஸ்ட்ரக்டர் ஆனபின் எதிரில் இருப்பவர் உங்களைப் பார்த்து அப்படியே செய்வார். அதனால்தான் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்துக் காட்டும்போது சின்னச் சின்னக் குமிழியாகக் காற்று வெளியே வந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதில் தேர்வாளர் அவ்வளவு கறாராக இருக்கிறார். காற்றுத் தீர்ந்தால் நீந்தியே மேலே வரும் பயிற்சியிலும் இதேதான். 6 முதல் 9 மீட்டர் ஆழத்திலிருந்து ஒரே மூச்சில் 'ஆ...' என்று ஒலியெழுப்பியபடி, நிமிடத்துக்கு 18 மீட்டர் வேகத்தைத் தாண்டாமல் வர வேண்டும். இதைக் கடலுக்குப் போய்த்தான் பழக வேண்டும் என்றில்லை. நீச்சல் குளத்தில் படுக்கை வாட்டத்தில் நீந்திக்கொண்டே மூச்சைச் சீராக விட்டுப் பழகலாம்.

கிணறு தராத இன்னொன்று தூரம். டைவ்மாஸ்டர் கட்டத்தில் கண்ணாடி, காலில் மாட்டும் ஃபின் எதுவும் இல்லாமல் 400 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும். ஆறரை நிமிடத்துக்குள் முடித்தால் 5 மதிப்பெண், 13 நிமிடம் தாண்டினால் 1. கிணற்றுக்குள் நாலு கை போட்டால் எதிர்ச்சுவர் வந்துவிடும். 25 மீட்டர் குளத்தில் 16 நீளம் என்பது வேறு வகை உழைப்பு. பெரும்பாலோர் முதல் நான்கு நீளத்தில் ஜம்பமாகப் போய் ஏழாவதில் கரையைப் பிடிப்பார்கள். மெதுவாகத் தொடங்குங்கள், போதும். பயிற்சிக்காக ஆழியாறு, பவானிசாகர், வாய்க்கால் என்று போக வேண்டாம். அங்கே தண்ணீரின் இழுப்பும் அடியில் கிடப்பதும் யாருக்கும் தெரியாது.

வீட்டுக் கிணற்றில் சிலிண்டரோடு இறங்கிப் பார்க்கலாமே என்று கேட்பவர்களும் உண்டு. வேண்டவே வேண்டாம். உள்ளே மோட்டார் ஒயர், பைப், கயிறு. மண் கலங்கினால் கை தெரியாது. மேலே வந்தாலும் செங்குத்தான சுவர்தான். நாள்பட்ட பாழுங்கிணறாக இருந்தால் தண்ணீருக்கு மேலே நிற்கும் காற்றே ஆளைக் கொல்லும்.

கையில் ஸ்பேனர் இருப்பவர்கள்

கோவையில் பம்பும் கம்ப்ரசரும், திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டியும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு பார், பி.எஸ்.ஐ. என்னும் அழுத்த அளவுகள், கசிவை அடைக்கும் ஓ-ரிங் எல்லாம் புதிதல்ல. மற்ற ஊர்ப் பிள்ளைகள் ஒரு வாரம் குழம்பும் உபகரணப் பாடத்தை இவர்கள் ஒரு மணி நேரத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். ஆபத்தும் அங்கேதான். ரெகுலேட்டர் லேசாகக் கசிந்தால் தாங்களே கழற்றிவிடுவார்கள். அந்தந்த நிறுவனத்தின் சர்வீஸ் பயிற்சி இல்லாமல் அதைத் திறக்கக் கூடாது. அதைவிட மோசம், பட்டறைக் கம்ப்ரசர் காற்றை மூச்சுக்குப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம். பட்டறையில் சாதாரணமாக 8, 10 பார். ஸ்கூபா சிலிண்டரில் 200 பார். அழுத்தத்தைவிடக் காற்றின் சுத்தம்தான் முக்கியம். எண்ணெய்ப் புகையோ கார்பன் மோனாக்சைடோ துளி கலந்திருந்தாலும் ஆழத்தில் அதன் வீரியம் பல மடங்காகும்.

நூறு டைவ் என்னும் எண்

லாக் புக்கை நிரப்புவது தனிக் கலையாகவே ஆகிவிட்டது. ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில், ஒரே நண்பரோடு டைவ் அடித்து நூறைத் தொட்டுவிட்டு வருகிறார்கள். விதிப்படி பார்த்தால் இரவு டைவ், ஆழ டைவ், திசைகாட்டி வைத்துப் போகும் டைவ் ஆகிய அனுபவமும் அதில் இருக்க வேண்டும். நீச்சல் குளத்தில் இறங்கியது கணக்கில் வராது. புதுச்சேரியில் ஒரு நாள் கலங்கல், மறுநாள் தெளிவு. முருடேஸ்வர் பக்கத்து நேத்ராணித் தீவுக்கு மழைக்காலத்தில் படகே போகாது. அந்தமானின் ஹேவ்லாக்கில், அதாவது இப்போதைய சுவராஜ் தீவில், வேறு மாதிரித் தண்ணீர். மூன்றையும் பார்த்தவரால்தான் மாணவருக்கு நாலு விதமாக விளக்க முடியும். நேராக ஜீரோ டு ஹீரோ என்று, அந்த ஆறு மாதம் முடிந்த கையோடு இன்ஸ்ட்ரக்டர் ஆக்கிவிடும் பேக்கேஜ்கள் இருக்கின்றன. அவை சட்டவிரோதமல்ல, ஆனால் அப்படி வந்தவரிடம் என் வீட்டுப் பிள்ளையை நான் அனுப்ப மாட்டேன்.

தண்ணீருக்குள் அமிழ இடுப்பில் ஈயம் கோத்துக் கட்டும் வெயிட் பெல்ட்டிலும் ஒரு குழப்பம் வரும். உள்ளூர்க் குளத்தில் சரியாக இருந்த ஈயம் கடலில் போதாது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 1 கிலோ, கடல் நீர் 1.03 கிலோ. உபகரணத்தோடு 100 கிலோ வருகிறவருக்குக் கடலில் கிட்டத்தட்ட 3 கிலோ கூட வேண்டும்.

டாக்டர் கடைசியில் அல்ல

முன்பணம், விமான டிக்கெட், லீவு எல்லாம் முடிந்தபின் மருத்துவப் படிவத்தைத் திறப்பவர்கள் ஏராளம். தேர்வுக்கு, 12 மாதத்துக்குள் டாக்டர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். ஆஸ்துமா, ஓட்டை விழுந்த செவிப்பறை, தீராத சைனஸ், முன்பு நுரையீரல் சுருங்கியது போன்றவை அதில் கேட்கப்படும். நம் பக்கத்தில் இதை இன்னும் கவனமாகப் பார்க்கச் சொல்வேன். நூற்பாலையில் சில வருடம் வேலை பார்த்து, பஞ்சுத் தூசியில் நெஞ்சு இறுகிய அனுபவம் உள்ளவர்கள் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். "அதெல்லாம் சரியாப் போச்சுங்க" என்று படிவத்தில் 'இல்லை' போடுவது உங்களை மட்டும் ஏமாற்றுவதல்ல. உங்களை நம்பி இறங்குகிற நாலு பேரையும் சேர்த்துத்தான்.

முதலுதவிச் சான்றிதழும் அப்படித்தான். அது 24 மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். ரெஸ்க்யூ படிக்கும்போது எடுத்ததைப் பத்திரமாக வைத்திருந்து, பயிற்சி முதல் நாளில் காலாவதி என்று தெரிந்து அலைபவர்களைப் பார்க்கலாம்.

எழுத்துத் தேர்வு

இயற்பியல், உடலியல், உபகரணம், பொதுத்திறனும் சூழலும், எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று சொல்லும் டைவ் அட்டவணை என்று ஐந்து பகுதி. ஒவ்வொன்றிலும் தனித்தனியாக 75 சதவீதம் வேண்டும். ஒன்றில் நூறு வாங்கி இன்னொன்றில் கோட்டைவிட்டால் கூட்டிக் கழித்துச் சரிசெய்ய முடியாது. பள்ளியில் படித்த ஃபிசிக்ஸ் போதும் என்று நினைப்பவர்கள் இங்கே சறுக்குவார்கள், ஏனென்றால் கேள்விகள் சூத்திரத்தைக் கேட்பதில்லை.

ஒரு கணக்கு சொல்கிறேன். 60 கிலோ எடையுள்ள ஒரு மோட்டார் 20 மீட்டர் ஆழத்தில் கடலில் கிடக்கிறது. அது 10 லிட்டர் தண்ணீரை இடம்பெயர்க்கும். அதை மிதக்கவிட, கட்டிய பைக்குள் எவ்வளவு காற்று அடைக்க வேண்டும்? 10 லிட்டர் கடல் நீரின் எடை 10.3 கிலோ. மிச்சம் 49.7 கிலோ. அதை 1.03ஆல் வகுத்தால் சுமார் 48 லிட்டர். 20 மீட்டரில் அழுத்தம் மூன்று மடங்கு என்பதால் மேல்மட்டக் கணக்கில் அது 145 லிட்டர் காற்று. இதே மோட்டார் தோட்டத்துக் கிணற்றில் விழுந்திருந்தால் அந்த 48க்குப் பதில் 50 லிட்டர் என்று மனக்கணக்காகவே சொல்லிவிடலாம். இப்படி நம்மூர்ப் பொருளை வைத்துப் பத்து கணக்கு நீங்களே எழுதிப் போட்டுப் பாருங்கள், தேர்வில் கை நடுங்காது.

விதிமுறைத் தேர்வு புத்தகம் பார்த்தே எழுதுவது. அதனாலேயே யாரும் படிப்பதில்லை! எந்த விதி எந்தப் பகுதியில் இருக்கிறது என்று தெரியாமல் ஒவ்வொரு கேள்விக்கும் கையேட்டை முதலிலிருந்து புரட்டினால் நேரம் போய்விடும்.

சொல்லித் தருவது

எல்லாவற்றையும்விடக் குறைவாகத் தயாராகி வருவது இதற்குத்தான். தேர்வில் உங்களுக்கு ஒரு திறன் கொடுப்பார்கள், மாஸ்க்கில் தண்ணீர் நிரப்பி வெளியேற்றுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதற்கு, எப்படி, என்ன சைகை என்று விளக்க வேண்டும், செய்து காட்ட வேண்டும், 'மாணவர்'களைச் செய்யவைக்க வேண்டும், மேலே வந்து பேச வேண்டும். மாணவராக நடிப்பது உங்கள் கூடப் படிப்பவர்கள். அவர்களில் ஒருவரிடம் தேர்வாளர் ரகசியமாக ஒரு தவறைச் செய்யச் சொல்லியிருப்பார். மூக்கால் ஊதாமல் விடலாம், தலையை நிமிர்த்தாமல் இருக்கலாம். அது நடக்கும்போது கண்டுபிடித்துத் திருத்தினால் மதிப்பெண். 5க்குச் சராசரியாக மூன்றரை அளவில் இருந்தால் தேறலாம்.

பலசாலி டைவர்கள் இங்கே விழுவார்கள். அவர்கள் வேகமாகச் செய்துவிடுவார்கள். தினமும் செய்வதால் உடம்புக்குப் பழகிவிட்டது, கை எங்கே போனது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. இன்ஸ்ட்ரக்டர் செய்து காட்டுவது கொஞ்சம் நாடகத்தனமாக, ஒவ்வொரு அசைவும் தனித்தனியாகத் தெரியும்படி இருக்க வேண்டும்.

இதற்கு வீட்டிலேயே தயாராகலாம். தண்ணீரைப் பார்த்தாலே ஒதுங்கும் சித்தப்பாவையோ அத்தையையோ உட்காரவைத்து, காது அடைப்பை எப்படி எடுப்பது என்று கொங்குத் தமிழிலேயே சொல்லிக்கொடுங்கள். "எதுக்கு கண்ணு மூக்கப் புடிக்கோணும்?" என்று அவர் கேட்கும் கேள்விதான் நாளைக்கு மாணவர் கேட்கப் போவது. பதில் இழுத்தடித்தால் உங்களுக்கே இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். அது தெளிவான பிறகு ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். இந்தியாவில் பயிற்சி பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கும். ஆங்கிலம் வராது என்று தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தேர்வாளருக்கு வேண்டியது குட்டையான, தெளிவான வாக்கியங்கள். புதுச்சேரிக்கும் அந்தமானுக்கும் முதல்முறை டைவ் அடிக்க வரும் தமிழ்க் குடும்பங்களுக்குத் தமிழில் பயத்தைப் போக்கத் தெரிந்த இன்ஸ்ட்ரக்டர் எவ்வளவு அருமை என்று அங்கே போனதும் தெரியும்.

மலை ஏறும் கணக்கு

பாடி விதிப்படி 300 மீட்டர் உயரத்துக்கு மேலே டைவ் அடித்தால் அது உயர டைவ், அட்டவணையே மாறும். கோவை நகரம் 400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. நம்மூர்க்காரர் இந்தப் பாடத்தைத் தாண்டிப் படிப்பது வேடிக்கைதான்.

விமானத்துக்கு முன் ஒரே ஒரு டைவ் அடித்திருந்தால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். இதைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். மலை மட்டும் மறந்துபோகும். புதுச்சேரியில் இரண்டு நாள் டைவ் அடித்துவிட்டுச் சேலம் வழியாக வீடு திரும்பும்போது, வந்ததே வந்தோம் ஏற்காட்டையும் பார்த்துவிடலாம் என்று வண்டியைத் திருப்பினால், அது சுமார் 1,500 மீட்டர். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். டைவில் உடம்பில் கரைந்து, உயரத்தில் அழுத்தம் குறைந்தால் குமிழியாகும் நைட்ரஜனுக்கு விமானமா காரா என்று தெரியாது.

பணம்

விளம்பரத்தில் இருப்பது பயிற்சிக் கட்டணம் மட்டும். அதற்கு மேலே தேர்வுக் கட்டணம், புத்தகப் பெட்டி, விண்ணப்பக் கட்டணம், முதலுதவி இன்ஸ்ட்ரக்டர் பயிற்சி, சொந்த உபகரணம், காப்பீடு, தங்கும் செலவு. பாஸான பிறகும் உறுப்பினர் கட்டணத்தை வருடா வருடம் கட்டினால்தான் சொல்லித்தரலாம். பல சென்டர்கள் இதற்கு அடுத்த படியான எம்.எஸ்.டி.டி. (மாஸ்டர் ஸ்கூபா டைவர் டிரெய்னர்) இருக்கிறதா என்று கேட்கும். அதற்கு ஐந்து சிறப்புப் பிரிவுகளில் சொல்லித்தரும் தகுதியும், 25 பேருக்குச் சான்றிதழ் கொடுத்த அனுபவமும் வேண்டும். வேலையோ சீசன் வேலை. மழைக்காலத்தில் படகு நின்றால் வருமானமும் பெரும்பாலும் நின்றுவிடும். வீட்டில் கேட்பதற்கு முன்பே இதை ஒரு தாளில் எழுதி, தறியில் பணம் போடுவதற்குமுன் கணக்குப் பார்க்கும் அப்பாவிடம் காட்டுங்கள். எந்தச் செலவை விட்டிருக்கிறீர்கள் என்று அவர்தான் முதலில் கண்டுபிடிப்பார். அப்புறம் சென்டருக்குப் போன் போட்டு, அந்தத் தாளில் உள்ள ஒவ்வொன்றையும் கட்டணத்தில் சேருமா சேராதா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள், வந்தபிறகு முன்பணம் கட்டலாம்.