பாக்டீரியா காலனி குறைந்தால் செல் வென்றுவிட்டதாக எழுதாதீர்கள்

இராமநாதபுரத்தில் கல்லூரி மாணவர்களுக்கு ஆய்வகப் பயிற்சி கொடுக்கும்போதெல்லாம், நான் ஆராய்ச்சி மாணவனாகச் செய்த பிழைகள் வேறொருவர் கையெழுத்தில் என் முன் வந்து நிற்கின்றன. லேபிள் ஒட்ட மறந்ததையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ஒரு வாரத்தில் அவர்களே திருத்திக்கொள்வார்கள். மனிதச் செல்லுக்குள் குடியேறும் பாக்டீரியா அந்தச் செல்லை எப்படிச் சாகவைக்கிறது என்று பார்க்கும்போது, முடிவையே தலைகீழாக்கும் பிழைகள்தான் என் கவலை.

எல்லாச் சாவும் அபோப்டோசிஸ் அல்ல

ஷிகெல்லா என்ற பாக்டீரியா, கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களைக் கொல்வதை 1992இல் அபோப்டோசிஸ், அதாவது செல் அமைதியாகத் தன்னையே அழித்துக்கொள்ளும் சாவு, என்றே எழுதினார்கள். காஸ்பேஸ்-1 என்ற, புரதங்களை வெட்டும் நொதி வழியாக, அழற்சியைக் கிளப்பிக்கொண்டு நடக்கும் வேறு வகைச் சாவு அது என்று பிறகு தெரிந்தது. அதற்குப் பைரோப்டோசிஸ் என்ற பெயர் 2001இல்தான் வந்தது. டிஎன்ஏ உடைவது இரண்டிலும் உண்டு. அதை மட்டும் பார்த்துப் பெயர் சூட்டாதீர்கள்.

ஜென்டாமைசின் வெளியேதான் நிற்கிறது என்று நம்புவது

என் ஆராய்ச்சியில் ஓராண்டைத் தின்ற பிழை இது. இன்றும் யாராவது செய்தால் கோபம் வருகிறது.

முறை எளிது. சால்மோனெல்லா பாக்டீரியா செல்லுக்குள் நுழைந்ததும், பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தான ஜென்டாமைசினை ஊற்றுகிறோம். முதல் ஒரு மணி நேரம் மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம், பிறகு 10 அல்லது 20. பழுதில்லாத சவ்வை அந்த மருந்து எளிதில் கடக்காது. வெளியே இருக்கும் பாக்டீரியா சாகும், உள்ளே இருப்பவை பிழைக்கும். பிறகு செல்லை உடைத்துத் தட்டில் பரப்பி, உயிரோடிருந்த பாக்டீரியா பெருகி உண்டாக்கிய புள்ளிகளை, அதாவது காலனிகளை, மறுநாள் எண்ணுகிறோம்.

பாம்பனிலிருந்து வந்த மாணவி எண்ணினாள். முதல் மணி நேரத் தட்டில் வெள்ளைப் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. நான்காம் மணி நேரத் தட்டில் பதினேழுதான். “சார், செல் எல்லாவற்றையும் கொன்றுவிட்டது” என்றாள். இதே வாக்கியத்தை நானும் நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டவன்.

பாக்டீரியாவின் வால் புரதமான ஃபிளாஜெல்லினோ, புரதங்களைச் செல்லுக்குள் செலுத்தும் அதன் ஊசி அமைப்பின் துணுக்குகளோ செல்லின் உள்திரவமான சைட்டோசாலில் சிக்கினால், என்எல்ஆர்சி4 என்ற காவல் புரதம் விழித்துக்கொண்டு காஸ்பேஸ்-1ஐத் தூண்டுகிறது. அது காஸ்டெர்மின்-டி என்ற புரதத்தை வெட்டுகிறது. வெட்டுப்பட்ட துண்டுகள் சவ்வில் வளையமாகக் கூடி, சுமார் 20 நானோமீட்டர் அகலத் துளைகளாகின்றன. ஜென்டாமைசின் மூலக்கூறுக்கு அது அகலத் திறந்த வாசல். செல் வெடித்து வெளியே விழும் பாக்டீரியாவும் அதே மருந்தில்தான் விழுகிறது. செல் கொன்றது எத்தனை, நாம் ஊற்றிய மருந்து கொன்றது எத்தனை என்று அந்தத் தட்டால் சொல்லவே முடியாது.

“எல்டிஎச் குறைவாகத்தான் சார் இருக்கிறது, செல் நன்றாக இருக்கிறது” என்றாள். எல்டிஎச் என்பது செல்லுக்குள் இருக்கும் நொதி; அது வெளியே கசிந்திருக்கிறதா என்று அளந்து செல் செத்ததா என்று பார்ப்போம். ஆனால் அது பெரிய புரதம். சவ்வு கிழிந்த பிறகே வெளியேறும். அவள் அப்பா வல்லம் வைத்திருப்பவர். “பலகை இடுக்கு விட்டால் முதலில் என்ன ஆகும்?” என்று கேட்டேன். “தண்ணீர் ஏறும் சார். பலகை பிரிவதெல்லாம் பிறகுதான்” என்றவள், பேச்சை நிறுத்திவிட்டு அந்தப் பதினேழு காலனித் தட்டை மறுபடி கையில் எடுத்தாள்.

துளை விழுந்ததும் உள்ளே ஏறுவது புரோப்பிடியம் அயோடைடு என்ற சாயம். எல்டிஎச்சோடு அதையும் பாருங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குப் பின் ஜென்டாமைசினை முழுக்கக் கழுவிவிட்ட ஒரு வரிசையும் வையுங்கள். அதில் செல்லையும் மேலே நிற்கும் திரவத்தையும் சேர்த்து, இரண்டு மணி நேரத்துக்குள் எண்ணுங்கள். இந்த வரிசை இல்லாத வரைபடத்தை நான் இப்போது ஏற்பதில்லை.

தேங்கிப்போன கல்ச்சர்

இரவு முழுக்க வளர்ந்து தேங்கிய சால்மோனெல்லாவில் ஊசி அமைப்பு அடங்கியிருக்கும். காலையில் புதிதாக வளர்த்து, வேகமாகப் பெருகும்போது செல்லில் விடுங்கள்.

எலியும் மனிதரும்

காஸ்டெர்மின்-டியை வெட்டும் காஸ்பேஸ்கள் வேறும் உண்டு. எலிக்குக் காஸ்பேஸ்-11. நமக்குக் காஸ்பேஸ்-4, 5. எலிச் செல்லின் முடிவை மனிதச் செல்லுக்கு அப்படியே எழுதாதீர்கள்.

சீரம்

செல் வளர்க்கும் ஊடகத்தில் சேர்க்கும் சீரத்திலும் எல்டிஎச் உண்டு. வெறும் ஊடகத்தை அளந்து கழித்துவிடுங்கள்.